முதல் அடி மாஸ்டருக்கு

"அவர்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். கையை உடைக்கிறதை நான் பாத்துக்கிறேன்."

ஜாஸ்மின் இதைக் கத்திச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். கத்துகிற ஆட்களைத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் தினமும் பார்க்கிறேன். இவள் காபி டம்ளரை ஓசைப்படாமல் மேஜையில் வைத்துவிட்டு, கத்திரிக்காய் விலை கேட்கிற குரலில் சொன்னாள். மேற்குத் தாம்பரத்தில் கராத்தே சொல்லிக் கொடுக்கிறவள். கையை உடைப்பேன் என்று அவள் சொன்னால், எந்த இடத்தில் உடைப்பது என்பது வரை யோசித்துவிட்டுத்தான் சொல்கிறாள்.

"யார் கையை?" என்றார் அபிதா மேடம்.

"ஏசுபாதம் கையை. என் தம்பி முழங்காலை உடைச்ச கையை."

மேடத்தின் முழுப் பெயர் அபிதகுஜாம்பாள். அதை ஒரே மூச்சில் சொல்ல முடியாதவர்களுக்காக, ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் ஸ்வீட் ஸ்டாலுக்கு மேலே மாட்டியிருக்கும் போர்டில் 'அபிதா துப்பறியும் நிறுவனம்' என்று சுருக்கியிருக்கிறது. நிறுவனம் என்றால் மேடமும் நானும். நான் பாலு. கார் ஓட்டுவேன், ஆளைப் பின்தொடர்வேன், கேட்காத யோசனை சொல்வேன். எழுதும்போது என் தமிழ் ஒழுங்காக இருக்கும், மேடம் திருத்துகிறார். வாயைத் திறந்தால் அந்த உத்தரவாதம் கிடையாது.

விஷயம் இதுதான். எங்கள் ஆபீசுக்குக் கொஞ்ச தூரம் தள்ளி, மூடிக்கிடந்த ஒரு பழைய ஃபேக்டரிக்குள் ஜெயில் செட் போட்டு ஒரு சினிமா எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெயிலுக்குள் தொடங்கி ஜெயிலுக்குள் முடிகிற சண்டைப் படம். பாட்டு கிடையாது, காமெடி கிடையாது, அடி மட்டும்தான். ஹீரோவுக்கு டூப் போட்டவன் ஜாஸ்மினின் தம்பி பென்னி. சிலம்பம், கராத்தே, குங்ஃபூ என்று எதைக் கேட்டாலும் தரையில் கால் படாமல் செய்து காட்டுவான். கைதிகள் கூட்டமாகச் சேர்ந்து ஹீரோவை அடிக்கிற காட்சியில், கேஷவ் என்கிற ஸ்டண்ட்காரன் டம்மிக் கம்பியால் பென்னியின் முழங்காலில் ஓங்கி அடித்தான். டம்மி என்றால் ஓங்கித்தான் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் திரையில் பல் இளிக்கும். ஆனால் அன்றைக்கு அவன் கையில் இருந்தது இரும்பு.

டாக்டர்கள் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். இனிமேல் மடக்க முடியாத காலாக.

"விபத்துன்னு எழுதிட்டாங்க மேடம்," என்றாள் ஜாஸ்மின். "டம்மி செஞ்சதும் ஏசுபாதம், இரும்பு செஞ்சதும் ஏசுபாதம், கடைசியா கை வச்சதும் ஏசுபாதம். கேட்டா கவனக்குறைவாம். எங்க சர்ச்லதான் அவரும். போன ஞாயித்துக்கிழமை பூசையில ஒருத்தருக்கொருத்தர் கை குடுத்து சமாதானம் சொல்ற நேரத்துல என்கிட்ட வந்து கையை நீட்டினாரு. அந்தக் கையையே பாத்துக்கிட்டு நின்னேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

"முடிவு பண்ணிட்டீங்கன்னா என்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"பென்னி சொல்றான், அவர் அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு. தப்பான ஆளை அடிச்சிட்டா அப்புறம் நானும் அவனை அடிச்ச கம்பி மாதிரிதான் ஆயிடுவேன். இன்னிக்கு மத்தியானம் வரைக்கும்தான் மேடம் பொறுப்பேன். அந்தச் சண்டையோட மிச்சத்தை இன்னிக்கு எடுக்கறாங்க. ஜெயிலரா வர்ற ஹீரோயினுக்கு நான்தான் டூப். ஸ்டண்ட் மாஸ்டர் பொன்னுரங்கம்தான் கூப்பிட்டுக் குடுத்தாரு, 'தம்பி படுத்தா இன்னாம்மா, அவன் எடத்துல நீ வா'ன்னு. ஏசுபாதத்தையும் வரச் சொல்லியிருக்காரு. எல்லார் முன்னாடியும் என்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமாம்."

"கேட்டா?"

"கேக்கட்டும். அதுக்கப்புறம் கை."

மேடம் எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார். "நான் வர்ற வரைக்கும் யார் மேலயும் விரல் வைக்கக் கூடாது. சரியா?"

"லேட்டா வந்தீங்கன்னா?"

"லேட்டா வர்ற பழக்கம் பாலுவுக்குத்தான்."

*

ஏசுபாதத்தின் வெல்டிங் பட்டறை செம்பாக்கத்தில் இருந்தது.

"அடி வாங்கினா ஆஸ்பத்திரி ஏசுபாதத்துக்கு, ஜெயிலு அந்தப் பொண்ணுக்கு," என்றேன் காரை ஓட்டிக்கொண்டே. "அதுவும் ப்ளைவுட் ஜெயிலு இல்ல மேடம், அசல் ஜெயிலு."

"அதனாலதான் வேகமாப் போகச் சொல்றேன்."

"வேகமா போனா நமக்கும் அங்கதான் எடம். முன்னாடி ட்ராஃபிக் போலீஸ் நின்னுகினு கீறாரு."

பட்டறையில் வேலை நடக்கிற அடையாளமே இல்லை. விஷயம் பரவியதும் சினிமாக்காரர்கள் யாரும் இந்தப் பக்கம் வருவதில்லையாம். ஏசுபாதம் ஐம்பது தாண்டியவர். எங்களைப் பார்த்ததும், திட்டு வாங்கத் தயாரானவர் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேடம் கேட்டதும் உள்ளே போய் இரண்டு கம்பிகளைக் கொண்டுவந்து பலகை மேல் வைத்தார். இரண்டும் முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூட. இரண்டையும் முழுக்கப் பழைய போர்வைத் துணியால் சுற்றியிருந்தார்.

"கதையில கைதிங்க ஜன்னல் கம்பியை அறுத்து, சத்தம் வராம இருக்க துணி சுத்தி ஒளிச்சு வச்சிருப்பாங்க," என்றார். "ஒண்ணு டம்மி. ஒண்ணு இரும்பு. ஹீரோ கதவுல அடிக்கும்போது பொறி பறக்கணும், அதுக்குத்தான் இரும்பு."

எனக்கு எப்போதும் ஒரு முந்திரிக்கொட்டைப் புத்தி உண்டு. "இதான் டம்மி," என்று ஒன்றை எடுத்து என் தலையில் ஒரு தட்டு தட்டினேன்.

அது டம்மி இல்லை.

"பனிக்கட்டி இருக்கா?" என்று ஏசுபாதத்திடம் கேட்ட மேடம், என்னைப் பார்த்து, "ஒரு சந்தேகம் தீர்ந்தது. ரெண்டும் ஒரே கனம், பாத்தா தெரியாது. நல்ல வேலை பண்ணினே பாலு," என்றார். துப்பறியும் தொழிலில் என் பங்கு பெரும்பாலும் இந்த மாதிரிதான் அமைகிறது.

"டம்மிக்கு நடுவுல பிரம்பு, சுத்தி ஈர மரத்தூளு, மேல ரப்பரு," என்றார் ஏசுபாதம். "லேசா இருந்தா கேமராவுல தெரியுதுன்னு மாஸ்டரு கனமா கேட்டாரு. ரெண்டு வகையும் ஒரே பொட்டிதான். இரும்பை மட்டும் ஓரமா வச்சிருந்தேன்."

"பெட்டியிலேர்ந்து எடுத்தது யாரு?"

"மாஸ்டரு. எப்பவும் அவருதான் எடுப்பாரு. எடுத்து, எல்லாரும் பாக்கத் தன் மேல ஒரு தட்டு தட்டிக் காட்டுவாரு. ஆளுங்கல்லாம் 'முதல் அடி மாஸ்டருக்கு'ன்னு கத்தி, கை தட்டுவாங்க. எத்தினியோ வருசமா நடக்குது. அந்த நம்பிக்கையிலதான் பசங்க பயமில்லாம அடி வாங்குறானுங்க."

"அன்னிக்கும் தட்டினாரா?"

"தட்டினாரு மேடம். அதான் எனக்கு எமனாப் பூட்ச்சு. மாஸ்டர் தட்டுனா அது டம்மிதான். தட்டி என் கையில குடுத்தாரு. நான் கொண்டுபோய் செல்லுக்குள்ள பாய்க்கு அடியில வச்சேன். கேஷவ் அங்கேர்ந்து எடுத்தான். நடுவுல வேற கையே இல்ல. நாந்தான் எங்கியோ மாத்தி வச்சிருக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. சொல்லிச் சொல்லி எனக்கே அப்டித் தோணுது."

"வாங்கினதும் நீங்க ஒரு தடவை தட்டிப் பாத்திருக்கலாமே?"

மனிதர் பதறிப்போனார். "மாஸ்டர் தட்டுனதை நான் திருப்பித் தட்டுறதா? அது அவரு மூஞ்சியில தட்டுற மாதிரி மேடம். சினிமாவுல எவனும் அந்த வேலை செய்ய மாட்டான்."

மேடம் அந்தப் பதிலை எங்கோ பத்திரமாக வைத்துக்கொண்டது அவர் முகத்தில் தெரிந்தது. "இந்த ரெண்டு கம்பியும் எனக்கு இன்னிக்கு வேணும்," என்றார்.

"எடுத்துக்குங்க. நானும் அங்கதான் வரேன். மன்னிப்புக் கேக்கணும். அந்தப் பொண்ணு மனசு ஆறும்னா காலுல கூட விழுவேன்."

கம்பிகளை டிக்கியில் போட்டேன். டிக்கியின் பூட்டு போன தீபாவளியிலிருந்து வேலை செய்யவில்லை. கயிறு கட்டித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், திருட ஒன்றுமில்லை என்கிற தைரியத்தில்.

*

கேஷவைக் குன்றத்தூர் மலைப் படிக்கட்டில் பிடித்தோம். மொட்டை அடித்திருந்தான். அந்த நாளிலிருந்து ஷூட்டிங் போகவில்லை, காலையில் வீட்டிலிருந்து கிளம்பி முருகன் கோயிலுக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறான் என்று அவன் அம்மா தனம் போனில் சொல்லியிருந்தார்.

"அந்தச் சத்தம் மேடம்," என்றான். "ரப்பருக்கு அந்தச் சத்தம் வராது. பாதியிலயே தெரிஞ்சிடுச்சு, கையை நிறுத்த முடியல. பென்னி கத்தவே இல்ல. என்னைப் பாத்தான். 'டேய் மச்சான், ஏன்டா'ன்னு கேட்டான்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இதைப் பண்ணினவன் யாருன்னு தெரிஞ்சா இந்தப் படியிலேர்ந்து உருட்டி விட்டுட்டுத்தான் மறு வேலை."

அவனைச் சமாதானப்படுத்துகிற வேலையை மேடம் செய்யவில்லை. "பென்னிக்கும் யாருக்காவது சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. ஒரு நாள் ரிகர்சல்ல மாஸ்டர் ஒரு உதை காமிச்சாரு. பென்னி தடுத்துட்டான். வேணும்னு இல்ல, கை தானா போயிடுச்சு. மாஸ்டர் மல்லாக்க விழுந்துட்டாரு. ஹீரோ விழுந்து விழுந்து சிரிச்சாரு. 'அடுத்த படத்துக்கு நீதான்டா மாஸ்டர்'னு பென்னிகிட்ட சொன்னாரு. ஹீரோ சிரிச்சா எல்லாரும் சிரிப்போம் இல்ல? நாங்களும் சிரிச்சோம்."

"மாஸ்டர்?"

"அவரும் சிரிச்சாரு மேடம். எழுந்து பென்னியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு."

மேடத்துக்குச் சிரிக்கிறவர்களைப் பிடிக்காது. குறிப்பாக, கீழே விழுந்தபின் சிரிக்கிறவர்களை. "மாஸ்டர் கம்பியைத் தட்டிக் காட்டுறதை யாராவது வீடியோ எடுத்திருக்கீங்களா?"

"நானே எடுத்திருக்கேன். தினமும் ஸ்டேட்டஸ்ல போடுவேன்." போனை நீட்டினான். எல்லா வீடியோவுக்கும் மேலே ஏதோ ஒரு பாட்டை ஒட்டியிருந்தான், அதனால் அசல் சத்தம் எதுவும் கேட்கவில்லை. பொன்னுரங்கம் மாஸ்டர் பெட்டியைத் திறக்கிறார், எடுக்கிறார், தட்டுகிறார், கும்பல் கை தட்டுகிறது. கட்டை, பாட்டில், செங்கல், கம்பி. நாள் மாறினாலும் காட்சி மாறவில்லை. கடைசியாக ஓடியது சம்பவம் நடந்த நாளின் வீடியோ. அதிலும் அவர் பெட்டியைத் திறந்தார், எடுத்தார், தட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"ஒண்ணும் இல்ல மேடம்," என்றேன். "ஆனா ஒண்ணு, இந்த வீடியோல மட்டும் மாஸ்டர் நடையப் பாருங்க. காலை அகட்டிக்கினு, ஓபனிங் பேட்ஸ்மேன் இறங்குற மாதிரி வராரு. மூலமோ இன்னாவோ, பாவம்."

மேடம் என் பக்கம் திரும்பினார். பிறகு போனை வாங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட விட்டார்.

"எங்க தட்டறார், சொல்லு."

"தலையில."

"இதுல?"

"தலையில. இதுலயும் தலை. இதுலயும்..." எனக்கு வாய் நின்றுவிட்டது. கடைசி வீடியோவில் பொன்னுரங்கம் குனிந்து, தொளதொள பேண்ட்டுக்கு மேலாகத் முழங்காலுக்குக் கீழே தன் காலின் முன்பக்கத்தில் தட்டினார்.

"வருஷக்கணக்கா தலையில தட்டறவர் அன்னிக்கு மட்டும் ஏன் காலில தட்டினார்?" என்றார் மேடம். "பாலு சொன்னது சரி. பேட்ஸ்மேன்தான். பேண்ட்டுக்குள்ள அடி தாங்கற கார்டு கட்டியிருக்கார்."

"அன்னிக்கு அவருக்கு ஃபைட்டே இல்லையே," என்றான் கேஷவ். "எதுக்குக் கார்டு?"

"தட்டாம விட்டா நீங்க எல்லாரும் கேட்பீங்க. தலையில தட்டினா அவர் மண்டை பிளக்கும். அதனால கார்டு கட்டின காலில தட்டினார். அவர் தட்டினதுக்கப்புறம் உலகத்துல ஒருத்தனும் அதைத் திருப்பித் தட்ட மாட்டான்னு அவருக்குத் தெரியும். ஏசுபாதம் எதையும் மாத்தலை கேஷவ். பெட்டியிலேர்ந்து வெளியில வரும்போதே அது இரும்புதான்."

கேஷவ் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என் கையை எடுத்து அடிச்சிருக்கான்," என்றான். மரியாதையெல்லாம் படிக்கட்டிலேயே போய்விட்டது. "ஒரு சிரிப்புக்கு ஒரு முழங்காலா மேடம்?"

"இதை மட்டும் வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. கால் வலிச்சுது, கார்டு போட்டேன்னு சொல்லிட்டுப் போயிடுவார். அவர் வாயாலயே வரணும்." மேடம் ஏற்கனவே படி இறங்கிக்கொண்டிருந்தார். "இன்ஸ்பெக்டர் காந்திமதிக்கு நான் பேசறேன். கேஷவ், நீங்களும் வாங்க. பாலு, இப்ப வேகமாப் போகலாம்."

*

இன்ஸ்பெக்டர் காந்திமதி எங்களுக்கு முன்பே வந்திருந்தார். அவரை ஒரு உதவி இயக்குநர், "யூனிஃபார்ம் ஃபிட்டிங் சரியில்ல, நீங்க பின்வரிசைல நில்லுங்க," என்று ஓரம் கட்டியிருந்தான். பொய்ப் போலீஸ் நிறைந்த இடத்தில் அசல் போலீஸுக்கு இந்தக் கதிதான். அவரும் எங்களைப் பார்த்துக் கண்ணால் சிரித்துவிட்டுப் பின்வரிசையிலேயே நின்றுகொண்டார்.

ஜாஸ்மின் ஜெயிலர் காக்கியில் மேக்கப் வேனுக்குப் பின்னால் இருந்தாள். மேடம் கேஷவின் போனை அவளிடம் கொடுத்தார். இரண்டு தடவை பார்த்தாள். நான் அவள் உடைக்கப்போகிற பொருளைத் தேடிக்கொண்டிருந்தேன், அது நானாக இருந்துவிடக் கூடாது என்பதற்காக.

"ஆஸ்பத்திரியில என் பக்கத்துலயே உக்காந்து இட்லி ஊட்டி விடாத குறை," என்றாள். "'ஏசுபாதத்தை சும்மா விடாதம்மா'ன்னு காதுல ஓதினதும் அவருதான்."

"அவரைச் சொல்ல வைக்கணும் ஜாஸ்மின். அடிச்சா சொல்ல மாட்டார். பயந்தா சொல்லுவார்." மேடம் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். நான் டிக்கியைத் திறந்து, எதற்கும் இருக்கட்டும் என்று முதலில் என் உள்ளங்கையில் தட்டிப் பார்த்துவிட்டு, ரப்பரை எடுத்துக் கொடுத்தேன். "இரும்பு உள்ளயே கெடக்கட்டும்," என்று சொல்லிக் கயிற்றைக் கட்டினேன். "பூட்டு கெடையாது, கயிறுதான்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் நான். எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே சொல்கிறார்கள்.

ஜாஸ்மின் தம்பிக்கு ஒரு போன் போட்டாள். "பென்னி, ஆட்டோ சொல்லி வா. ஆமா, இப்பவே." அவ்வளவுதான் பேசினாள்.

செட்டுக்குள் ஜெயில் முற்றம் தத்ரூபமாக இருந்தது. உயரமான சுவர், வரிசையாக செல்கள், கைதி உடையில் நாற்பது ஸ்டண்ட் ஆட்கள். நடுவே பொன்னுரங்கம் மாஸ்டர். பட்டையாக விபூதி, அரைக்கை பனியன், முட்டி வரை டிரவுசர். ஏசுபாதம் அவர் முன்னால் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

மேடத்துக்குத் தண்ணீர் பாட்டில் எடுக்கக் காருக்கு ஓடினேன். டிக்கியில் கயிறு அவிழ்ந்து தொங்கியது. உள்ளே இரும்புக் கம்பி இல்லை.

வாழ்க்கையில் நான் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. உள்ளே நுழைந்தபோது படம் எடுப்பதையே படம் எடுக்கிற மேக்கிங் வீடியோ கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஜாஸ்மின் நடுவில் நின்று துணி சுற்றிய ஒரு கம்பியை மாஸ்டரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"மேடம்," என்று மூச்சு வாங்கினேன். "இரும்பைக் காணோம். அவ கையில கீறது எதுன்னு தெரியல."

மேடத்தின் முகம் முதல் தடவையாக மாறியது. ஓரடி முன்னால் வைத்தவர், அதற்குமேல் போகவில்லை. இனி யார் போனாலும் விஷயம் கெட்டுவிடும்.

"மன்னிப்பு அப்புறம் மாஸ்டர்," என்றாள் ஜாஸ்மின். "முதல்ல வேலை. முதல் அடி மாஸ்டருக்கு!"

நாற்பது பேரும் பழக்கதோஷத்தில் கத்தினார்கள். கை தட்டினார்கள். பொன்னுரங்கம் சிரித்துக்கொண்டே கம்பியை வாங்கித் தலைக்கு மேலே தூக்கினார்.

"ஏசுபாதம் பெட்டியிலேர்ந்து நானே எடுத்தேன் மாஸ்டர்," என்றாள் ஜாஸ்மின். "அதே பெட்டி."

கம்பி அந்தரத்தில் நின்றது. பொன்னுரங்கம் அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் என்ன இருந்ததென்று நானும் பார்த்தேன். நானே ஓரடி பின்னால் போனேன். அவர் விரல்கள் துணிக்கு மேலாக அழுத்திப் பார்த்தன. கனம் ஒன்றுதான். துணியும் ஒன்றுதான். அவரே கேட்டு வாங்கிய கனம்.

கை தட்டல் மெதுவாக நின்றது.

"என்ன மாஸ்டர், தட்டுங்க. தலையில வேணாம்னா அன்னிக்கு மாதிரி காலில தட்டுங்க." அவள் அவருடைய டிரவுசருக்குக் கீழே தெரிந்த வெறும் காலைக் காட்டினாள். "ஐயோ, இன்னிக்குக் கார்டு கட்டலையா?"

கும்பலில் ஒரு சலசலப்பு. பொன்னுரங்கம் கம்பியைத் தரையில் வீசினார். "இது இரும்பு! என்னிய சாவடிக்கப் பாக்குறா! இன்னாடி, அன்னிக்கு மாதிரியே..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆனால் பாதி போதுமானதாக இருந்தது.

"தட்டவே இல்லையே. இரும்புன்னு எப்படித் தெரியும்?" ஜாஸ்மின் குனிந்து கம்பியை எடுத்தாள். எல்லோரும் பார்க்க, அதைத் தன் தலையிலேயே ஓங்கி அடித்தாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தொப் என்று, ஈரச் சாக்கு விழுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"ரப்பர்தான் மாஸ்டர். இத்தனை வருஷமா தட்டின மாதிரி தட்டியிருந்தீங்கன்னா, உங்க காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டிருப்பேன்."

கேஷவ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "ஏன் மாஸ்டர்? என் கையால ஏன்?"

"சிரிச்சீங்களேடா!" பொன்னுரங்கம் வெடித்தார். "நான் கீழ கெடக்கேன், நீங்க அத்தினி பேரும் சிரிக்கிறீங்க! நான் சோறு போட்ட பசங்க! அவன் மாஸ்டராம், நான் வூட்ல போய் குந்திக்கணுமாம்! ஒரு காலுதானே போச்சு? என் மானம் போச்சே, அதை எவன்டா வச்சு ஒட்டுவான்?"

கைதி உடையில் இருந்த நாற்பது பேரும் ஓரடி முன்னால் வந்தார்கள். பிறகு இன்னொரு அடி. இத்தனை நாள் அவர் கற்றுக்கொடுத்த மாதிரியே, தோளோடு தோள், இடைவெளி விடாமல். பொன்னுரங்கம் பின்வாங்கிப் பின்வாங்கித் திறந்திருந்த செல்லுக்குள் போய்விட்டார். கேஷவ் கதவைச் சாத்தினான். சுவரெல்லாம் ப்ளைவுட், ஆனால் அந்தக் கதவு மட்டும் ஏசுபாதம் செய்த அசல் இரும்பு.

அப்போதுதான் ஜாஸ்மின் சட்டைக்குப் பின்னாலிருந்து இன்னொரு கம்பியை உருவினாள். நான் தேடிய கம்பி. பின்வரிசையிலிருந்து இன்ஸ்பெக்டர் பாய்ந்து வந்தார். அதற்குள் அது இறங்கிவிட்டது.

கதவில். துணி கிழிந்து பொறி பறந்தது. பொன்னுரங்கம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அலறினார், அடி அவர்மேல் படாமலேயே.

"இந்தச் சத்தத்தைக் கேளுங்க," என்றாள் ஜாஸ்மின். "தினமும் தூங்கும்போது என் தம்பி இதைத்தான் கேக்கிறான். ரெண்டு கம்பியும் என்கிட்டதான் இருந்துச்சு மாஸ்டர். இரும்பை உங்க கையில குடுத்திருக்கலாம். இப்பவும் கம்பிக்கு நடுவுல விட்டா உங்க முட்டி எட்டும். செய்ய மாட்டேன். உங்களுக்கு ரெண்டு காலும் வேணும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டு படி நீங்க ஏறி வரணும். கீழ உக்காந்து என் தம்பி அதைப் பாக்கணும்."

இரும்பை இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தாள். பிறகு நேராக ஏசுபாதத்திடம் போனாள். அவர் இன்னும் கைகூப்பியபடியே நின்றுகொண்டிருந்தார். கையை இறக்க யாரும் சொல்லவில்லை, பாவம். ஜாஸ்மின் தன் கையை நீட்டினாள்.

"சமாதானம் அங்கிள்."

அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன். தலையில் வாங்கின அடி இன்னும் வலிக்கிறது என்று மேடத்திடம் சொல்லிவைத்தேன்.

"ஜீப்பை உள்ள கொண்டு வரச் சொல்லட்டுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வேணாம் மேடம்," என்றாள் ஜாஸ்மின். "கேட்டு வரைக்கும் நடக்க வச்சுக் கூட்டிட்டுப் போங்க."

அப்படியே செய்தார்கள். நாற்பது கைதிகளும் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று வழி விட்டார்கள். கேட்டுக்கு வெளியே, வெயிலில் ஒரு ஆட்டோ நின்றிருந்தது. பின் சீட்டில் பென்னி பக்கவாட்டில் உட்கார்ந்து, மடக்க முடியாத காலை வெளியே நீட்டியிருந்தான். பொன்னுரங்கம் அவனைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பென்னி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஜீப்பில் ஏறுகிற வரைக்கும், அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.